வில்லெம் காரெல் டிக்கெ

வில்லெம் காரெல் டிக்கெ (1905 – 1962) நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த குழந்தைநல மருத்துவர் ஆவார். சிறுகுடலைத் தாக்கும் சீலியாக் நோயைக் கோதுமையும் ரை என்னும் தானியமும் தூண்டுகின்றன என்பதை அளவீடுகளின் துணையோடு முதன்முதலில் நிறுவியவர் இவரே. இன்று உலகெங்கும் இந்நோய்க்கு அளிக்கப்படும் குளூட்டன் நீக்கிய உணவுமுறை இவரது ஆய்வுகளிலிருந்து தோன்றியதாகும். குடல் நோயாக மட்டும் கருதப்பட்ட இது, குருதி உறைதல் உட்பட உடலின் பல செயல்களைப் பாதிக்கும் நோய் என்பது இவரது மறைவுக்குப் பின்னரே தெளிவாகத் தெரிய வந்தது.

இளமையும் கல்வியும்

டிக்கெ 1905 ஆம் ஆண்டு பெப்ரவரி 21 அன்று தெற்கு ஒல்லாந்து மாகாணத்தில் உள்ள டோர்ட்ரெக்ட் நகரில் பிறந்தார். 1922 முதல் 1929 வரை லைடன் நகரில் மருத்துவம் பயின்றார். பின்னர் ஹேக் நகரின் யூலியானா குழந்தைகள் மருத்துவமனையில் குழந்தைநல மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி பெற்றார். 1936 இல், தமது 31 ஆவது வயதில், அதே மருத்துவமனையின் மருத்துவ இயக்குநராகப் பொறுப்பேற்றார். அதன் பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இவரது பணிக்களம் அதுவே. அது பெரிய பல்கலைக்கழக மருத்துவமனை அன்று. ஆய்வுக்கென அமைந்த வேதியியல் கூடமும் இவர் வசம் இருக்கவில்லை. நீண்ட காலம் மருத்துவமனையில் தங்கியிருந்த நோயுற்ற குழந்தைகளும், அவர்களது எடையைக் குறித்து வைக்கும் வரைபடத் தாள்களுமே இவரது முதல் ஆய்வுக் கருவிகள்.

டிக்கெக்கு முன் சீலியாக் நோய்

இந்நோயின் பெயர் வயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. உரோமப் பேரரசின் காலத்தில் வாழ்ந்த கப்படோசியாவின் அரெட்டேயசு என்னும் கிரேக்க மருத்துவர் இதையொத்த ஒரு நோயை விவரித்துள்ளார். நவீன மருத்துவத்தில் இதற்குத் தெளிவான விளக்கம் அளித்தவர் இலண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ. இவர் 1887 இல் ஆற்றிய உரை மறு ஆண்டு அச்சில் வந்தது. ஒன்று முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளிடம் இந்நோய் மிகுதியாகக் காணப்பட்டது. மலம் வெளிறி, நுரைத்து, துர்நாற்றத்துடன் அளவுக்கு மீறிக் கழியும். வயிறு புடைத்திருக்கும், கைகால்கள் மெலிந்து வளர்ச்சி நின்றுவிடும். பல குழந்தைகள் இறந்தன.

இந்நோய் தீருமானால் அது உணவினாலேயே தீரும் என்று ஜீ கருதினார். அவரது இக்கருத்து சரியானது. ஆனால் எந்த உணவு என்பதில் அவர் தவறினார். அரிசியையும் சவ்வரிசியையும் விலக்கச் சொன்ன அவர், மெல்லியதாக வெட்டி இருபுறமும் நன்கு வாட்டிய ரொட்டியை அனுமதித்தார். நோயாளிக்குத் தீங்கற்ற அரிசி தடுக்கப்பட்டு, நோயைத் தூண்டும் கோதுமை தட்டில் வைக்கப்பட்டது இன்று வியப்பளிக்கலாம். அவர் குறிப்பிடும் குழந்தை ஒன்று நாள்தோறும் ஒல்லாந்துச் சிப்பிகளை உண்டு நன்றாகத் தேறியது. சிப்பிப் பருவம் முடிந்ததும் மீண்டும் நோயில் வீழ்ந்தது. சிப்பி தின்ற நாட்களில் அக்குழந்தை வேறு எதை உண்ணாமல் இருந்தது என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இதே போன்ற ஒரு நிகழ்வு நியூயார்க்கிலும் நடந்தது. 1924 இல் சிட்னி ஹாஸ் என்னும் மருத்துவர் வாழைப்பழ உணவுமுறையை வெளியிட்டார். அது பெரும் பயன் தந்ததால் பல ஆண்டுகள் எங்கும் பின்பற்றப்பட்டது. அம்முறையில் ரொட்டி, பிஸ்கட், உருளைக்கிழங்கு, தானியங்கள் ஆகியவை விலக்கப்பட்டிருந்தன. குழந்தைகள் தேறியதற்கு வாழைப்பழத்தில் உள்ள ஏதோவொரு பொருளே காரணம் என்று நம்பப்பட்டது. இந்த நம்பிக்கைக்கு ஒரு விலை உண்டு. வாழைப்பழத்தால் நோய் குணமாகிவிட்டது என்று எண்ணியோர், சில காலம் கழித்துக் குழந்தைக்கு மீண்டும் ரொட்டி கொடுத்தனர். சுவிட்சர்லாந்தின் குய்டோ பன்கோனி பழங்களும் காய்கறிகளும் கொண்ட மற்றொரு உணவுமுறையைப் பரிந்துரைத்தார். மருத்துவர்களின் ஐயம் பொதுவாக மாவுச்சத்தின் மீதும் கொழுப்பின் மீதுமே இருந்தது. கோதுமையைத் தனியே பிரித்து எவரும் குற்றம் சாட்டவில்லை.

முதல் ஐயம்

1930களின் நடுவில் டிக்கெயின் கவனம் ரொட்டியின் மீது திரும்பியது. சீலியாக் நோயுற்ற தன் குழந்தைக்கு இருந்த தோல் தடிப்பு, ரொட்டியை நிறுத்தியதும் விரைவில் குறைந்தது என்று ஓர் இளம் தாய் இவரிடம் கூறியதாக இவரது வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். இத்தகைய செய்திகளை ஒதுக்கித் தள்ளுவது மருத்துவர்களுக்கு எளிது. டிக்கெ அவ்வாறு செய்யவில்லை. கோதுமை இல்லாத உணவைச் சில குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார்.

நெதர்லாந்து 1940 மே மாதத்தில் செருமனியின் ஆக்கிரமிப்புக்கு உள்ளானது. வாழைப்பழம் போன்ற இறக்குமதிப் பொருட்கள் கிடைப்பது நின்றது. இந்நிலையில் 1941 இல் டிக்கெ நெதர்லாந்து மருத்துவ இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். ஹாசின் உணவுமுறையோ பன்கோனியின் உணவுமுறையோ இக்காலத்தில் இயலாது என்பதால், பங்கீட்டு உணவைக் கொண்டே அமைக்கத்தக்க எளிய முறை ஒன்றை அதில் விவரித்தார். ரொட்டியும் ரஸ்கும் அறவே கூடாது. நாளுக்கு இருமுறை சூடான உணவு தரலாம். மூன்றாவது வேளைக்குக் கோதுமை மாவு சேராத கஞ்சி போதும் என்பது அதன் சாரம். எனவே கோதுமை நீக்கிய உணவைப் பற்றிய இவரது எண்ணம், பின்னர் வந்த பஞ்சத்துக்கு மூன்று ஆண்டுகள் முன்னரே அச்சில் வந்துவிட்டது. இதை நினைவில் கொள்வது தேவை. ஏனெனில் இவரைப் பற்றிப் பரவலாக வழங்கும் கதை வேறு விதமாக உள்ளது.

பசிக் குளிர்காலம்

1944 செப்டம்பரில் நேச நாடுகளின் படை நடவடிக்கைக்கு உதவியாக நெதர்லாந்தின் தொடருந்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அதற்குப் பதிலடியாகச் செருமானிய ஆட்சி நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு செல்வதைத் தடுத்தது. பின்னர் தடை ஓரளவு தளர்த்தப்பட்டபோது, கால்வாய்கள் உறைந்து படகுகள் நின்றன. ஹேக், ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம் போன்ற நகரங்களில் வயது வந்தோருக்கான பங்கீட்டு உணவு நாளொன்றுக்கு 1000 கலோரிக்கும் கீழே இறங்கியது. 1945 இன் தொடக்கத்தில் சில வாரங்கள் 600 கலோரியைக் கூட எட்டவில்லை. மக்கள் சர்க்கரை பீட்டையும், துலிப் மலர்ச் செடியின் கிழங்கையும் வேகவைத்து உண்டனர். ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். இக்காலம் ஒல்லாந்தர்களால் பசிக் குளிர்காலம் என்று அழைக்கப்படுகிறது.

ஊரே மெலிந்த அந்நாட்களில், டிக்கெயின் பராமரிப்பில் இருந்த சீலியாக் நோயாளிக் குழந்தைகள் மோசமடையவில்லை. சிலர் முன்னிலும் நலமாக இருந்தனர். ரொட்டி கிடைத்தபோது மீண்டும் நோய் முற்றியது. இவர் பத்து ஆண்டுகளாக ஐயுற்றதை நாடு முழுவதும் நிகழ்ந்த பேரிடர் உறுதிப்படுத்தியது.

வானூர்திகளிலிருந்து போடப்பட்ட ரொட்டியை உண்டே குழந்தைகள் நோயுற்றனர் என்றும், அதைக் கண்டே டிக்கெக்கு இந்த எண்ணம் தோன்றியது என்றும் கதை பல இடங்களில் சொல்லப்படுகிறது. இது முழுமையாகச் சரியன்று. புகழ்பெற்ற சுவீடன் வெள்ளை ரொட்டி வானிலிருந்து விழவில்லை. அதற்கான மாவு 1945 சனவரி இறுதியில் கப்பல்களில் வடக்கே உள்ள டெல்ப்சைல் துறைமுகத்துக்கு வந்து, ஒல்லாந்து அடுமனைகளில் ரொட்டியாகச் சுடப்பட்டு, பெப்ரவரி இறுதியிலிருந்து வழங்கப்பட்டது. நேச நாட்டு வானூர்திகள் உணவுப் பொதிகளைப் போட்டது ஏப்ரல் இறுதியிலும் மே முதல் வாரத்திலும் ஆகும். கதை சுவையானது; ஆனால் அது டிக்கெயின் பொறுமையான உழைப்பை ஒரு தற்செயலாகக் குறைத்துவிடுகிறது.

அளந்து நிறுவுதல்

போருக்குப் பின் டிக்கெயின் முன் நின்ற வினா, தாம் அறிந்ததைப் பிறர் ஏற்கும்படி எவ்வாறு காட்டுவது என்பதே. பஞ்சத்தில் கோதுமை மட்டுமா குறைந்தது? கொழுப்பு, சர்க்கரை, இறைச்சி எல்லாமே குறைந்தன. ஆகவே ஒன்றை மட்டும் மாற்றி, மற்ற அனைத்தையும் மாறாமல் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. மருத்துவமனையில் இருந்த குழந்தைகளுக்கு ஒரே வகை உணவு நீண்ட காலம் வழங்கப்பட்டது. இடையிடையே ஒரு தானிய மாவு மட்டும் சேர்க்கப்பட்டு, பின்னர் நீக்கப்பட்டது. எடை, பசி, மலத்தின் அளவு ஆகியவை தொடர்ந்து குறிக்கப்பட்டன.

கோதுமை மாவு சேர்த்த மறுநாளே குழந்தை நோயுறவில்லை. சில நாட்களோ வாரங்களோ கழித்தே பசி குன்றி, எடை வரைபடம் தட்டையாகி, வயிற்றுப்போக்கு தோன்றியது. இவ்விடைவெளியே அதுவரை அனைவரையும் ஏமாற்றியிருக்க வேண்டும். காலையில் உண்டது மாலையில் துன்பம் தந்தால் தாயே கண்டுகொள்வாள். மூன்று வாரம் கழித்துத் துன்பம் தரும் உணவை வரைபடம் இன்றிக் காண்பது கடினம்.

எடையை விட நம்பகமான ஓர் அளவையும் கிடைத்தது. உட்ரெக்ட் நகரில் உணவு ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய வேதியியலாளர் வான் டி காமர், மலத்தில் உள்ள கொழுப்பை விரைவாக அளக்கும் முறையை 1949 இல் உடன் பணியாற்றியோருடன் வெளியிட்டார். மலத்தை எரிகாரத்துடன் கொதிக்க வைத்துக் கொழுப்பை உப்பாக்கி, அமிலம் சேர்த்துக் கொழுப்பமிலங்களை விடுவித்து, கரைப்பானில் பிரித்தெடுத்து, நடுநிலையாக்கல் மூலம் அளப்பது அம்முறை. உணவில் உட்கொண்ட கொழுப்பிலிருந்து கழிந்த கொழுப்பைக் கழித்தால் உடல் எவ்வளவு ஏற்றது என்பது எண்ணாகக் கிடைக்கும். நலமான குழந்தை உண்ட கொழுப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேல் ஏற்கும். சீலியாக் நோயாளிக்குக் கோதுமை மாவு கொடுத்தபோது இந்த எண் இறங்கியது, நீக்கியபோது ஏறியது. உட்ரெக்டின் குழந்தைநல மருத்துவர் வெயெர்ஸ் இவ்வாய்வுகளில் மூன்றாமவராக இணைந்தார்.

டிக்கெ 1950 இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வேட்டை அளித்தார். சில தானியங்கள் சீலியாக் நோயாளிக்கு இழைக்கும் தீங்கு என்பதே அதன் பொருள். கோதுமை மாவும் ரை மாவும் தீங்கு செய்தன. அரிசி, சோளம், உருளைக்கிழங்கு ஆகியவை தீங்கு செய்யவில்லை. கோதுமையிலிருந்து பிரித்த தூய மாவுச்சத்தும் தீங்கற்றது என்று தெரிந்தது. ஆகவே ஜீயின் காலத்திலிருந்து குற்றவாளியாகக் கருதப்பட்ட மாவுச்சத்து விடுவிக்கப்பட்டது. எஞ்சியது கோதுமையின் புரதம். பிசைந்த மாவுக்கு இழுவைத் தன்மையைத் தரும் குளூட்டனே அப்புரதம். 1953 இல் மூவரும் வெளியிட்ட கட்டுரைகளில், குளூட்டனில் சாராயத்தில் கரையும் பகுதியான கிளையடின் தீங்கு விளைவிப்பது காட்டப்பட்டது.

இந்த ஆய்வுகளில் நோயுற்ற குழந்தைகளுக்குத் தீங்கு தரும் என்று ஐயுற்ற உணவு தெரிந்தே கொடுக்கப்பட்டது என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும். இன்று அத்தகைய ஆய்வு அறநெறிக் குழுவின் ஒப்புதலும் பெற்றோரின் எழுத்துவழி இசைவும் இன்றி நடக்க இயலாது. அதே வேளையில், அக்காலத்தில் ரொட்டி என்பது பல மருத்துவமனைகளில் இக்குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்ட உணவு என்பதையும் மறத்தல் ஆகாது.

ஏற்பு

நெதர்லாந்துக்கு வெளியே இக்கண்டுபிடிப்பு உடனே ஏற்கப்படவில்லை. டிக்கெயின் ஆய்வேடு ஒல்லாந்து மொழியில் இருந்தது. அதைப் படித்தோர் சிலரே. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் சார்லட் ஆண்டர்சன் உள்ளிட்ட குழுவினர் சோதித்து, கோதுமை மாவின் தீங்கு குளூட்டனில் உள்ளது என்று 1952 இல் லான்செட் இதழில் வெளியிட்டனர். அதன் பின்னரே ஆங்கில மருத்துவ உலகம் இதை நம்பியது. 1954 இல் பாலி என்னும் மருத்துவர், அறுவையின்போது எடுத்த திசுவில் சிறுகுடலின் உட்சுவர் சிதைந்திருப்பதை விவரித்தார். 1956 இல் மார்கோட் சைனர், அறுவையின்றிக் குழாய் மூலம் குடல் திசுவை எடுக்கும் முறையை வெளியிட்டார். உணவை உறிஞ்சும் விரல் போன்ற குடலுறிஞ்சிகள் இந்நோயில் தேய்ந்து தட்டையாகின்றன என்பது இவ்வாறு கண்ணால் காணக்கூடியதாயிற்று. டிக்கெ எண்களால் காட்டியதற்கு உருவம் கிடைத்தது.

1957 இல் டிக்கெ உட்ரெக்ட் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் அங்குள்ள வில்ஹெல்மினா குழந்தைகள் மருத்துவமனையின் இயக்குநராகவும் ஆனார். அப்பதவியில் ஐந்து ஆண்டுகளே இருந்தார். 1962 இல், தமது 57 ஆவது வயதில் காலமானார்.

குடலுக்கு அப்பால்: குருதி உறைதல்

டிக்கெயின் காலத்தில் சீலியாக் நோய் குழந்தைகளின் குடல் நோய். பின்னர் இது எந்த வயதிலும் தோன்றக்கூடிய தன்னெதிர்ப்பு நோய் என்று அறியப்பட்டது. அதாவது, மரபுவழியில் ஏதுவானோரிடம் குளூட்டன் தூண்டுதலால் உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே குடலைத் தாக்குகிறது. 1997 இல் செருமானிய ஆய்வாளர்கள் இந்த எதிர்ப்பின் இலக்குகளில் ஒன்று திசு டிரான்ஸ்குளூட்டமினேசு என்னும் நொதி என்று கண்டனர். வயிற்றுப்போக்கே இல்லாமல், இரத்தச்சோகை அல்லது எலும்புத் தேய்வு மட்டும் உள்ள நோயாளிகளும் உள்ளனர்.

குருதியைப் பொறுத்தவரை இந்நோய் இரு எதிரெதிரான விளைவுகளைத் தரவல்லது. கொழுப்பு உறிஞ்சப்படாதபோது கொழுப்பில் கரையும் உயிர்ச்சத்து கே யும் உறிஞ்சப்படுவதில்லை. குருதி உறைவதற்கான சில காரணிகளைக் கல்லீரல் ஆக்க இச்சத்து தேவை. ஆகவே கடும் நோயில் எளிதில் இரத்தம் கசியும். இதை மருத்துவர்கள் நெடுநாள் அறிவர். இதற்கு மாறாக, தேவையற்ற இடத்தில் குருதி உறைந்து நாளத்தை அடைப்பதும் இந்நோயாளிகளிடம் சற்று மிகுதி என்பது பிற்காலத்தில் தெரிந்தது. சுவீடனில் சீலியாக் நோயுள்ள 14,000 க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2007 இல் வெளியான ஆய்வில், சிரைகளில் உறைகட்டி தோன்றும் இடர் பிறரை விட ஏறத்தாழ இருமடங்கை நெருங்கியது. கல்லீரலிலிருந்து குருதியை வெளியேற்றும் சிரைகள் அடைபடும் பட்-கியாரி நோய்க்குறித்தொகுப்பு போன்ற அரிய அடைப்புகளும் சீலியாக் நோயாளிகளிடம் பதிவாகியுள்ளன. இவற்றில் பல வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை.

இதற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. போலிக் அமிலம், உயிர்ச்சத்து பி12, பி6 ஆகியவை குறையும்போது குருதியில் ஹோமோசிஸ்டீன் என்னும் பொருள் உயர்ந்து நாளங்களின் உட்சுவரைப் பாதிக்கலாம். சில நோயாளிகளில் மண்ணீரல் சுருங்கிச் செயலிழப்பதால் குருதித் தட்டுகள் பெருகுகின்றன. நீடித்த அழற்சியும் உறைதலைத் தூண்டும். உயிர்ச்சத்து கே யின் பங்கு இங்கே விந்தையானது. உறைதலைத் தூண்டும் காரணிகளுக்கு மட்டுமன்றி, அதைக் கட்டுப்படுத்தும் புரதம் சி, புரதம் எசு ஆகியவற்றுக்கும் அச்சத்தே தேவை. ஒரே குறைபாடு ஒருவரிடம் கசிவையும் மற்றொருவரிடம் உறைவையும் ஏற்படுத்தக்கூடும்.

இந்நோயாளிகள் அனைவருக்கும் உறைகட்டி தோன்றும் என்று இதைக் கொள்ளலாகாது; பெரும்பாலோருக்குத் தோன்றுவதில்லை. ஆனால் இளவயதினர் ஒருவருக்கு வழக்கமற்ற இடத்தில் காரணம் தெரியாத உறைகட்டியும், அதனுடன் இரத்தச்சோகையும் எடைக் குறைவும் காணப்படின், சீலியாக் நோய்க்கான குருதிச் சோதனையையும் மருத்துவர்கள் எண்ணிப் பார்ப்பதுண்டு. உறைகட்டிக்கு உறைவெதிர் மருந்து தரப்படும். அடிப்படை நோய்க்கு மருந்தாக இன்றும் தரப்படுவது டிக்கெயின் உணவுமுறையே.

நினைவு

நெதர்லாந்தின் இரைப்பைக் குடலியல் சங்கம் இவர் பெயரில் ஒரு தங்கப் பதக்கத்தை நிறுவியுள்ளது. அதை முதலில் பெற்றவரும் டிக்கெயே. தூய கோதுமை மாவுச்சத்து தீங்கற்றது என்ற இவரது முடிவு ஐரோப்பாவில் குளூட்டன் நீக்கிய ரொட்டித் தயாரிப்புக்கு வழிவகுத்தது. மாவுச்சத்தைப் பிரிக்கும்போது எவ்வளவு குளூட்டன் எஞ்சியிருக்கலாம் என்பது பின்னர் நெடிய விவாதமாயிற்று. 2008 இல் பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், ஒரு கிலோகிராம் உணவில் 20 மில்லிகிராமுக்கு மேற்படாமல் குளூட்டன் இருந்தால் மட்டுமே அதைக் குளூட்டன் அற்றது என்று அழைக்கலாம் என வரையறுத்தது. ஓட்ஸ் இப்பட்டியலில் எப்பக்கம் சேரும் என்பது அதற்குப் பின்னரும் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது.